கொடுப்பு நோவு

மாரி தொடங்கினால் எங்கள் பெரியம்மாவின் கையில் புழுக்கொடியல் இருக்கும். முறித்து, தேங்காய்ச் சொட்டோடு கொடுப்புக்குள் அடக்கி, ஊறவிட்டு ஊறவிட்டு மெல்லுவார். எழுபது வயதிலும் அதை விடாதவர், ஒருநாள் பாணைக்கூடத் தள்ளிவைத்தார். "காதுக்குள்ளை இழுக்குது பிள்ளை. வாயைத் திறந்தால் டக்கெண்டு கேக்குது."

காதைக் காட்டினோம், காதில் ஒன்றுமில்லை. பல்லாக இருக்கும் என்று ஓரிடத்தில் கொடுப்புப் பல்லொன்றைப் பிடுங்கினார்கள். நோவு அப்படியே இருந்தது. தாடை மூட்டு நோவுள்ள பலர் இப்படித்தான் அலைகிறார்கள்.

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஓர் எலும்பு அசைவது தெரியும். கீழ்த்தாடையின் தலை அது. மண்டையோட்டின் குழிக்கும் அதற்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று கிடக்கிறது. வாய் திறக்கும்போது எலும்பு முதலில் சுழலும், பிறகு முன்னே வழுக்கிவரும். வட்டு இடம் விலகியிருந்தால் 'டக்' என்ற சத்தம். வட்டு திரும்பிச் சேராமல் தடுத்துக்கொண்டால் வாய் பாதியில் நின்றுவிடும். நோவில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. பலருக்கு மூட்டைவிடக் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள தசைகளே நோகின்றன.

இதையெல்லாம் பெரியம்மாவின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, பொறுமையாகத் தமிழில் சொன்னவர் பிறகு நாங்கள் போன பல் வைத்தியர். "அம்மா, சாப்பிடேக்கையும் விழுங்கேக்கையும் மட்டும்தான் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டவேணும். மற்ற நேரம் உதடு மூடியிருக்கட்டும், பல்லு விலகியிருக்கட்டும்" என்றார். சில கிழமைக்குக் கூழ், குழைந்த சோறு, இளஞ்சூட்டு ஒத்தடம், கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கையைக் கொடுப்பது, இரவில் பல்லை நெருமுவதால் பல்லுக்கு மேல் போட ஒரு பிளாஸ்டிக் உறை. பெரும்பாலானோருக்கு இவ்வளவே போதும். சத்திரசிகிச்சை மிகச் சிலருக்குத்தான்.

1934இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர் ஜேம்ஸ் கொஸ்டன், கடைவாய்ப் பற்கள் இழந்து கடி தாழ்ந்துபோவதே இந்த நோவுக்குக் காரணம் என்று எழுதினார். அந்த எண்ணத்தின் வழியில் எத்தனையோ பேரின் நல்ல பற்கள் ராவப்பட்டன. பின்னைய ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. ராவிய பல் திரும்ப வளராது. அதனால்தான் பல்லில் கைவைக்க அவசரப்படுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

"நித்திரை வருதோ?" என்றும் பெரியம்மாவிடம் அந்தப் பல் வைத்தியர் கேட்டார். 1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குத் தப்ப வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு மழைக்குள் வீதியில் இறங்கி நடந்ததை, கேட்காமலே பெரியம்மா சொல்லத் தொடங்கினார். உள நோவு உடல் நோவாகவே வைத்தியரிடம் வரும் என்று, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிசெய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். அழுத்தம் இருக்கிறவர்கள் பல்லை இறுக்குவார்கள். இறுக்குவது அவர்களுக்கே தெரியாது.

விளங்கப்படுத்துவதுதான் இந்த நோய்க்கு முதல் மருந்து. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், கிறேயின் உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இலேயே தமிழில் தந்துவிட்டார். அந்த மண்ணில் ஒரு நோயாளி தன் தாடை எப்படி அசைகிறது என்று அறியாமல் பல்லைக் கொடுத்துவிட்டு வருவது எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாக் கிளினிக்கிலும் ஒரு பக்கத் தமிழ்த் தாளாவது கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் இந்த நோவோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. வெற்றிலை பாக்குப் போடுகிறவருக்கு உறைப்புப் பட்டால் வாய் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகி, வாய் மெல்ல மெல்லத் திறபடாமல் போனால், அது மூட்டல்ல. பாக்கினால் வரும் நார்க்கட்டு, புற்றுநோயாக மாறக்கூடியது. ஒத்தடமும் கூழும் அதற்கு உதவா. பாக்கை அன்றே நிறுத்தவேண்டும். தன் மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி வைத்தால் வாய்க்குள் போகிறதா என்று எவரும் வீட்டிலேயே பார்க்கலாம். போகாவிட்டால் அந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.