சாமராஜநகர் பாசஞ்சர்

மைசூருக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் அரண்மனையும் சாமுண்டி மலையும் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் ஸ்டேஷனை ஒட்டியுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கும் போகும். 1979இல் திறந்த அந்த இடத்தில், 1899ஆம் ஆண்டின் மகாராணி சலூன் பெட்டி நிற்கிறது. சமையலறை, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. பிள்ளைகள் வரிசைகட்டி எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு அங்கே நின்றபோது மண் சுமந்தவர்களின் நினைவுதான் வந்தது.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லும் 1876–78 பஞ்சத்தில், மைசூர் சமஸ்தானம் ஐந்தில் ஒரு பங்கு மக்களைப் பறிகொடுத்தது. ஏறக்குறைய 10 லட்சம் உயிர்கள். மிஞ்சியவர்களுக்குக் கூலி கொடுக்கும் நிவாரண வேலையாகத்தான் பெங்களூர்–மைசூர் மீட்டர்கேஜ் பாதைக்கு மண் வெட்டினார்கள். 1882இல் ரயில் மைசூர் வந்தது. 1891இல் நஞ்சன்கூடு, 1926இல் சாமராஜநகர் என்று தெற்கே நீண்டது.

மைசூரிலிருந்து சாமராஜநகருக்கு 61 கிலோமீட்டர். பஸ் அடிக்கடி உண்டு. ஆனாலும் பாசஞ்சரில் போனால்தான் இந்தச் சீமை கண்ணில் படும். அசோகபுரம் தாண்டியதும் நகரம் கழன்றுகொள்கிறது. கடகொளாவில் பள்ளிப் பிள்ளைகள், அடுத்தடுத்த நிறுத்தங்களில் கீரைக்கட்டு, வாழைத்தார், பால்கேன்.

நஞ்சன்கூட்டில் இறங்கி கபினிக் கரைக்கு நடந்தேன். தளவாய் தேவராஜையா காலத்தில், 1735இல் கட்டிய கல்பாலம் அங்கே நிற்கிறது. நீராவி ரயில் என்ற ஒன்றையே உலகம் அறியாத காலத்துப் பாலம். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு பக்கம் மாட்டுவண்டியும் மறுபக்கம் மீட்டர்கேஜ் ரயிலுமாகச் சுமந்தது. அகலப்பாதை வரும்வரை வண்டி அதன்மேல்தான் ஓடியது. கூர்முனை வளைவுகளின் கல் இடுக்குகளில் இப்போது அரசங்கன்று முளைத்திருக்கிறது. வேர் தடிப்பதற்குள் யாராவது பிடுங்க வேண்டும். சலூன் பெட்டிக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது இதற்கு வேண்டாமா?

அடுத்து பதனவாளு. பாதை வந்ததையொட்டியே, 1920களின் இறுதியில், இங்கே காதி மையமும் வந்தது. காந்தி வந்து சென்ற இடம். ஓட்டுக் கொட்டகைகளுக்குள் தறிச் சத்தம். ராட்டையில் இருந்த அம்மாளிடம் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டேன். "கூத்கொள்ளி" என்று பாயைத் தள்ளிப் போட்டார். நூல் அறுந்தபோது பேச்சை நிறுத்தாமலே இரண்டு முனைகளையும் விரலில் உருட்டி ஒட்டினார், முடிச்சே தெரியவில்லை.

ஊருக்குள் ஒரு முடிச்சு அவ்வளவு லேசாக அவிழவில்லை. 1993இல் கோயில் நுழைவை ஒட்டிய பகையில் தலித்துகள் மூவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் தலித் தெருவையும் லிங்காயத்துத் தெருவையும் இணைத்த பாதை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் புழக்கமற்றுக் கிடந்தது. 2022 அக்டோபரில், ராகுல் காந்தி நடைப்பயணமாக வந்தபோதுதான் அதைச் செப்பனிட்டுத் திறந்து, இரு தெருவினரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். ரயில் இங்கே ஒரே பெஞ்சில் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. பெட்டிக்குள் முடிந்தது தெருவுக்குள் முடிய இத்தனை காலமா என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

சாமராஜநகரோடு தண்டவாளம் முடிகிறது. சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம்வரை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை பல தலைமுறைப் பழசு. கொங்கு வியாபாரிகளுக்கு அது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் நடுவில் இருப்பது யானைத்தடம்; 2013 முதல் புலிகள் காப்பகம். அந்தக் காட்டைக் கிழித்துக்கொண்டு ரயில் போக வேண்டாம் என்பதே என் கட்சி. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இருக்கவே இருக்கிறது.

அடுத்த முறை மைசூர் போகிறவர்கள் ஒரு பகலை இந்தப் பாசஞ்சருக்கு ஒதுக்குங்கள். பதனவாளுவில் இறங்கி, இரண்டு கஜம் கதர் வாங்கி வாருங்கள்.