மிஸ்கீனும் பல்லாங்குழியும்

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மிஸ்கீன். 2021ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், சென்னையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மாடிப்படி அடியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைக் கண்டு, "இந்த மிஸ்கீனுக்குக் கொஞ்சம் பால் ஊற்றுங்களேன்" என்றார் என் துணைவியார். அச்சொல்லே பெயராக நின்றுவிட்டது. (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம்.) எலும்பும் தோலுமாய் வந்த அந்த ஏழை, மூன்றாண்டுகள் கழிந்தபோது ஆறே முக்கால் கிலோ எடை கொண்ட செல்வந்தனாகி விட்டது. "வாப்பா, இனிமேல் பெயரை மாற்றிவிடலாம்" என்று மகள் நகைத்தாள். மாற்றவில்லை.

மிஸ்கீன் வந்த நாளன்றே எங்கள் கதவு அடைபட்டது. அதற்குக் காரணம் உண்டு. முன்பு எங்களிடமிருந்த பூனை, வாயிலுக்கு எதிரேயுள்ள சாலையில் தண்ணீர் லாரியின் சக்கரத்தில் சிக்கி மாண்டது. அதை அள்ளியெடுத்துப் புதைத்தவன் நான். அந்தக் காட்சியை இன்னொரு முறை காணும் வலிமை எனக்கில்லை. ஆகவே மூன்றாம் மாடியில் உள்ள இரண்டு அறைகளும் ஒரு கூடமும் மிஸ்கீனின் உலகமாயின. பால்கனிக்கு வலை கட்டினோம். கிண்ணம் வெறுமையாகாமல் பார்த்துக்கொண்டோம். ஓர் உயிரைப் பேணுவது என்பது இதுதான் என்று நெஞ்சார நம்பியிருந்தேன்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகைக்காக முஸல்லாவை விரித்தபோது அது ஈரமாயிருந்தது. மறுநாள் மகளின் படுக்கை. அதற்கடுத்த நாள் மீண்டும் முஸல்லா, இம்முறை ஈரத்தில் செம்மை கலந்திருந்தது. தொழுகை நடக்கும் வீட்டில் நஜீஸ் பட்ட இடங்களைத் தேடித் தேடிக் கழுவுவது எத்தகைய சோதனை என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்து நாள் பொறுத்த துணைவியார் பதினோராம் நாள், "மீன் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அங்கே பிழைத்துக்கொள்ளும்" என்றார். உண்மையைச் சொன்னால், நான் கூடையை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். மகள் அழுததால்தான் அந்தக் கூடை சந்தைக்குச் செல்லாமல் கால்நடை மருத்துவரிடம் சென்றது.

மருத்துவர் ஓர் இளம்பெண். சிறுநீரையும் வயிற்றையும் சோதித்துவிட்டுக் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை என்றார். ஆண் பூனைக்குச் சிறுநீர் அறவே அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும், அவ்வாறு நேர்ந்தால் நள்ளிரவானாலும் கொண்டுவர வேண்டும் என்று எச்சரித்தார். பிறகு நான் எதிர்பாராத ஒரு வினாவைத் தொடுத்தார். "ஐயா, இந்தப் பூனை நாள் முழுவதும் என்ன செய்கிறது?"

"சாப்பிடுகிறது. தூங்குகிறது" என்றேன்.

தாளில் எதையோ குறித்துக்கொண்டே, "வேறு?" என்றார்.

வேறு ஒன்றும் என் நினைவுக்கு வரவில்லை.

காரணம் புலப்படாத இத்தகைய சிறுநீர்ப்பை அழற்சி, வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது என்றும், உள்ளத்தின் நெருக்கடி அந்நோயில் பெரும்பங்கு வகிக்கிறது என்றும் அவர் விளக்கினார். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பஃபிங்டன் என்னும் கால்நடை மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும், இந்நோயுற்ற 46 வீட்டுப் பூனைகளின் சூழலைச் சீர்திருத்திப் பத்து மாதங்கள் கவனித்து, நோயின் அறிகுறிகள் குறைந்தன என்று 2006இல் எழுதியிருக்கின்றனர். ஏறி அமர உயரமான இடம், ஒளிந்துகொள்ள ஒரு மறைவு, விளையாட்டு, உணவைத் தேடிப் பெறும் வாய்ப்பு ஆகியவை அச்சூழலின் கூறுகள். வலிக்கு மருந்து தந்த மருத்துவர், "கிண்ணத்தில் கொட்டுவதைக் குறையுங்கள். கொஞ்சம் தேடித் தின்னட்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

ஆட்டோவில் கூடையை மடிமீது வைத்துக்கொண்டு திரும்பும்போது, பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானதைக் கூறும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நம்மில் அதைக் கேளாதார் இலர். அதில் அப்பெண்மீது சுமத்தப்படும் குற்றம் இரு பகுதிகள் உடையது. அவள் உணவும் நீரும் தரவில்லை என்பது ஒன்று. பூமியின் சிற்றுயிர்களை அது தானே தேடியுண்ணும்படி விடவும் இல்லை என்பது மற்றொன்று. அந்தச் சிற்றுயிர்களைக் குறிக்கும் 'கஷாஷ்' என்னும் அரபுச் சொல்லுக்குப் புழு, பூச்சி, எலி முதலியவை என்று முப்பது ஆண்டுகளாகப் பொருள் எழுதிப்போட்டு வந்திருக்கிறேன். அம்மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், அவள் உணவு கொடுத்திருந்தால் அடைத்து வைத்தது சரியாகியிருக்குமா?" என்றான். உணவும் நீரும் குறைவின்றித் தருபவர் பூனையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று விரிவுரையாளர்கள் கூறியிருப்பதை எடுத்துச் சொல்லி அவனை உட்கார வைத்தேன். சட்டத்தின்படி அந்த விடை சரியானதே. அதை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் அன்று ஆட்டோவில், என் மடியில் முனகிக்கொண்டிருந்த உயிரின் முன்னிலையில், நபிமொழியின் பின்பாதியை எவ்வளவு விரைவாகக் கடந்து போயிருக்கிறேன் என்று தோன்றியது. கிண்ணம் நிறைந்திருந்ததால் முதற்பாதியில் நான் தப்பினேன். இரண்டாம் பாதி என்று ஒன்று இருப்பதாகவே எண்ணிப் பார்க்கவில்லை.

அபூகத்தாதா (ரலி) அவர்களின் செய்தியும் உடன் நினைவுக்கு வந்தது. ஒளுச் செய்ய வைத்த நீரைக் குடிக்க வந்த பூனைக்கு அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமன்று, உங்களைச் சுற்றிச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று அது என நபிகள் நாயகம் (ஸல்) மொழிந்ததைக் கூறினார்கள். சுற்றி வருவோரைக் குறிக்கும் 'தவ்வாஃபீன்' என்ற சொல்லை நோக்குங்கள். கஃபாவை வலம் வருவதைக் குறிக்கும் 'தவாஃப்' பிறந்த வேரிலிருந்தே அதுவும் பிறந்தது. போவதும் வருவதுமே பூனையின் இயல்பாக அங்கே சுட்டப்படுகிறது. காயல்பட்டினத்தில் நான் பிறந்து வளர்ந்த உம்மும்மா வீட்டில் பூனைகள் அப்படித்தான் இருந்தன. முடுக்கு வழியே வரும், அரிசி மூட்டை கிடக்கும் அறைக்குள் நுழையும், எலியுடன் வெளிவரும், இரண்டு நாள் காணாமற்போய்க் காது கிழிந்து திரும்பும். மீன் கழுவும் நேரத்தில் மட்டும் அம்மி அருகே தவறாமல் ஆஜராகும். அவற்றுக்கு என்று ஒரு கிண்ணம் இருந்ததாக நினைவில்லை. அவற்றின் ஆயுள் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழமையெல்லாம் பொன் என்று பேச நான் வரவில்லை.

தானே வேட்டையாடி வாழும் பூனை ஒரு நாளில் பத்துக்கும் மேற்பட்ட முறை சிறிது சிறிதாக உண்கிறது. ஒவ்வொரு வாய் உணவுக்கும் முன்னால் பதுங்குதலும் காத்திருத்தலும் பாய்தலும் உண்டு. பாய்ச்சல்களுள் பல வீணாகும். அவ்வளவு வேலைக்கென அமைந்த உடலையும் அறிவையும் ஒரு கிண்ணத்தின் முன் உட்கார வைத்தால், அரை நிமிடத்தில் அன்றைய அலுவல் முடிந்துவிடுகிறது. எஞ்சிய நேரத்தை அது எங்கே கொண்டுபோய்ச் செலவிடும்?

இக்குறையைப் போக்கவே புதிர்க் கலங்கள் என்னும் சாதனங்களை மேனாட்டார் செய்து விற்கின்றனர். உருட்டினால் துளை வழியே ஓரிரு துணுக்கு உதிரும் பந்து, பாதத்தால் நெம்பித் திறக்க வேண்டிய மூடி என்று பல வகை. மகள் காட்டிய படங்களுள் ஒன்று, குழிகள் நிறைந்த ஒரு பலகை. அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய்ப் பரணில் கிடந்த உம்மும்மாவின் பல்லாங்குழியை இறக்கினேன். ஏழேழாகப் பதினான்கு குழிகள், உம்மும்மாவின் விரல் பட்டுத் தேய்ந்த மரம். சோழிகளுக்கு மாறாக உலர்தீனியைக் குழிக்கு நான்காக இட்டேன். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வது ஆட்டத்தின் மரபு. மிஸ்கீன் முகர்ந்தது, முகத்தைத் திணித்துப் பார்த்தது, பிறகு வலப் பாதத்தைக் குவித்து முதற்குழியிலிருந்து ஒரு துணுக்கை வெளியே தள்ளியது. அதைத் தின்னாமல் சற்று நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டேயிருந்தது. மூன்றாண்டுகளில் நான் காணாத ஒரு முகம் அது.

எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. முதல் வாரம் பழைய கிண்ணத்தையும் உடன் வைத்தேன். பூனையைப் பட்டினி போட்டுப் பணிய வைக்க முயல்வது பேரிடர். சில நாள் உண்ணாமலிருந்தாலே, அதிலும் கொழுத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் கூறியிருந்தார். ஆகவே ஒரு நாளைக்கு உரிய உணவைக் காலையிலேயே அளந்து வைத்து, அதில் ஒரு பங்கை மட்டும் பலகைக்கு மாற்றினேன். பழகியபின் பங்கு வளர்ந்தது. துளையிட்ட தண்ணீர்ப் புட்டி, முட்டை அட்டை, சுருட்டிய காகிதம் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. முள் நீக்கி அவித்த சாளை மீனுக்கு இட்லித் தட்டுதான் தக்கது என்று கண்டுபிடித்தவன் நான். அது அடுப்படிக்குத் திரும்பக் கூடாது என்ற ஒரே நிபந்தனையுடன் துணைவியார் இசைந்தார். மேசைக்காலில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றி நகம் தீட்ட வழி செய்தோம். அலமாரியின் உச்சியைக் காலி செய்து கொடுத்தோம். என் கிதாபுகளில் சில கட்டிலடிக்குப் போயின.

இவ்விடத்தில் மறுதரப்பையும் கூறுவது நேர்மை. 1963இல் ஜென்சன் என்னும் ஆய்வாளர், உணவு எதிரேயே இருந்தும் எலிகள் நெம்புகோலை அழுத்தி உழைத்துப் பெற்றுண்ண விரும்பியதைக் காட்டினார். பின்னர் வேறு பல உயிர்களிடமும் அவ்வியல்பு காணப்பட்டது. பூனையோ விலகி நிற்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 17 பூனைகளுக்கு அவற்றின் வீடுகளிலேயே ஒரு தட்டும் ஒரு புதிர்க் கலமும் அருகருகே வைக்கப்பட்டன. பெரும்பாலானவை தட்டையே நாடின. அவை சோம்பேறிகளும் அல்ல. ஓடியாடும் பூனைகளும் தட்டையே தேர்ந்தன. புதிர்க் கலங்களைக் கைவிடச் சொல்லும் முடிவன்று இது என்று ஆய்வாளர்கள் கூறிய போதிலும், இதைப் படித்த அன்று என் உற்சாகம் வடிந்துவிட்டது. பூனை கேளாத ஒன்றை என் மனநிறைவுக்காக அதன்மேல் திணிக்கிறேனோ?

ஆசிரியனாகச் சிந்தித்தேன். மூலநூலையும் வினா-விடைச் சுருக்கத்தையும் அருகருகே வைத்தால் என் மாணவரில் எத்தனை பேர் மூலத்தைத் தொடுவர்? தொடாததால் மூலம் அவர்களுக்கு வேண்டாதது ஆகிவிடாது. ஆயினும் பூனை மாணவன் அன்று. அதற்குத் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. ஆகவே இரண்டையும் வைப்பது என்று முடிவு செய்தேன். தட்டில் கொஞ்சம், பலகையில் கொஞ்சம். எதை எப்போது நாடுவது என்பதாவது அதன் விருப்பத்தில் இருக்கட்டும்.

அமெரிக்க உளவியலார் தார்ண்டைக் 1898இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வை ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் படித்திருக்கிறோம். பசித்த பூனையை மரப்பெட்டிக்குள் அடைப்பார், உணவு வெளியே இருக்கும். கயிற்றையோ நெம்புகோலையோ இயக்கினால் கதவு திறக்கும். முயன்று முயன்று, தவறித் தவறி, பூனை மெல்லக் கற்றது, வெளியேறும் நேரம் படிப்படியாகக் குறைந்தது. என் வீட்டில் உணவு பெட்டிக்குள், பூனை வெளியே என்று எண்ணிச் சிறிது பெருமைப்பட்டேன். பிறகு பால்கனி வலை கண்ணில் பட்டது. தார்ண்டைக்கின் பூனை புதிரை விடுவித்தபோது கதவு திறந்தது. மிஸ்கீன் பதினான்கு குழிகளையும் காலி செய்தாலும் எங்கள் கதவு திறப்பதில்லை. தண்ணீர் லாரிகள் இன்னும் அதே சாலையில்தான் போகின்றன.

ஏழு மாதங்களில் மிஸ்கீனின் எடை ஆறு கிலோவுக்கு வந்தது. முஸல்லா நனைவது நின்றது. விருந்தினர் நிறைந்த ஒரு பெருநாள் வாரத்தில் மட்டும் மீண்டும் ஒரு முறை நேர்ந்தது. துணைவியார் ஒன்றும் சொல்லாமல் கழுவிப் போட்டார். இப்போது அஸருக்குப் பின் இறகு கட்டிய குச்சியுடன் பூனையை ஓடவிடுபவரும் அவர்தாம். கேட்டால், மருத்துவர் தமக்கும் நடைப்பயிற்சி சொல்லியிருக்கிறார் என்பார்.

நேற்று இஷாவுக்குப் பின் பலகையை நிரப்பி வைத்தேன். மிஸ்கீன் அதன் பக்கம் திரும்பவேயில்லை. தட்டில் இருந்ததைத் தின்றுவிட்டு, அலமாரி உச்சியில் ஏறி வலைக்கு அப்பாலுள்ள விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பலகையை எடுக்கப் போனவன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்தேன். நள்ளிரவில் மரக்குழியிலிருந்து ஏதோ உருண்டு தரையில் விழும் ஓசை கேட்டது. சற்று இடைவெளிவிட்டு இன்னொன்று. துணைவியாரும் விழித்துக்கொண்டிருந்தார் போலும். "எத்தனையாவது குழி?" என்று இருளில் கேட்டார்.