அவர்களுக்கென்று ஒரு நாள்

திருமணமாகி 25 ஆண்டுகளாகியும் என் பெற்றோர் இருவரும் தனியாக எங்கும் சுற்றுலா சென்றதில்லை. தோட்ட வேலையும் எங்கள் படிப்புச் செலவும் அவர்களை விடவில்லை. சென்ற விடுமுறையில் என் பகுதிநேரச் சம்பளத்தில் அவர்களைப் பினாங்கு லிட்டில் இந்தியாவுக்கு அழைத்து வந்தேன்.

குயின் தெருவில், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயத்தில் வழிபட்டோம். பிறகு வாழையிலைச் சாப்பாடு. அம்மா தம் அப்பளத்தை அப்பாவின் இலையில் வைத்தார். "நீ சாப்பிடு" என்று அப்பா திருப்பி வைத்தார். வீட்டில் அம்மா பரிமாறிக்கொண்டே நிற்பார். இருவரும் அருகருகே அமர்ந்து உண்டதை அன்றுதான் கண்டேன்.

"நூலகம் போகணும்" என்று பொய் சொல்லி நழுவினேன். மாலையில் திரும்பியபோது அம்மாவின் தலையில் மல்லிகைச் சரம்! அப்பா கடைப் பலகையைப் படிப்பதுபோல் நின்றார்.

தோழர்களே, நமக்காகவே வாழ்ந்தவர்களுக்கு ஒரு நாளையாவது கொடுப்போமே!