வாசலில் முப்பது நாள்

கொள்ளைநோய்க் காலத்தில் வெளியூர்க்காரரை எப்படி உள்ளே விடுவது? அட்ரியாட்டிக் கடலோர நகரம் ஒன்று 1377-லேயே இதற்கு ஒரு விடை எழுதி வைத்தது. கோவிட் ஆண்டுகளின் விதிகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

துப்ரோவ்னிக் விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். ஷெங்கன் விசாவைப் பார்த்தார். விரல்களைக் கருவியில் வைக்கச் சொன்னார். "எத்தனை நாள்?" என்றார். "ஆறு" என்றேன். முத்திரை விழுந்தது. ஊசி போட்டாயா, மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தாயா, கடந்த 14 நாட்கள் எங்கே இருந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இது 2024 மே மாதம்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். தில்லியில் செய்திகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவனுக்கு இருக்கிறது. 2020 முதல் 2022 வரை என் மேசைக்கு வந்தவற்றில் பாதி பயண விதிகள்தான். எந்த நாடு யாரை விடும், எத்தனை மணி நேரத்துக்கு உட்பட்ட சோதனைச் சான்று வேண்டும், எத்தனை நாள் அறைக்குள் இருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குத் தமிழில் எழுதி முடித்த விதி ஆறு மணிக்குள் மாறியிருக்கும். அடித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும்.

அந்த நாட்களில் என்னிடம் அதிகம் விசாரித்தவர் எங்கள் எதிர் வீட்டு அம்மா. அவருடைய மகள் ஐரோப்பாவில், நிறைமாதம். பிரசவத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அரசு முகாமில் வரிசையில் நின்று இரண்டு தவணை ஊசியும் போட்டுக்கொண்டிருந்தார். முகாமில் அன்று இருந்தது கோவாக்ஸின். மகள் இருந்த நாடு கோவாக்ஸினை அப்போது ஏற்கவில்லை. அதே குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு. அவர் போய்விட்டு வந்தார். "ஊசி என் கையிலதான ஏறிச்சு தம்பி? அதுல எந்த முத்திரை இருக்குன்னு கிருமிக்குத் தெரியுமா?" என்று அந்த அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் குரோஷியாவுக்குப் போனேன் என்றால் மிகையில்லை.

துப்ரோவ்னிக்கின் விமான நிலையம் நகரத்தில் இல்லை. சுமார் 20 கி.மீ. தெற்கே சிலிப்பி என்ற ஊரில் இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்குப் போகும் சாலை சாவ்தாத் என்ற சிற்றூரை ஒட்டிச் செல்கிறது. இடப்பக்கம் கடல். கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால் சில பாறைத் தீவுகள். அவற்றில் ஒன்று மிர்கான். ஆள் வசிக்காத தீவு. கடற்காகங்கள் மட்டும் குடியிருக்கின்றன. விமானத்தில் வரும் பயணிகள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் கண் தூரத்தில் தெரியப்போகும் கோட்டைச் சுவரைத் தேடுகிறது. ஆனால் 600 ஆண்டுகளுக்கு முன்பு இந்த நகரத்துக்கு வந்த பலருக்கு முதல் தங்கல் இங்கேதான்.

அப்போது நகரத்தின் பெயர் ரகூசா. கப்பல் வணிகத்தால் வாழ்ந்த குட்டிக் குடியரசு. 1348-ல் ஐரோப்பாவை அழித்த பிளேக் இங்கும் புகுந்தது. அதன் பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்ப வந்தது. நோய்க்குப் பயந்து வாசலை அடைத்தால் வணிகம் சாகும். திறந்து வைத்தால் மனிதர் சாவார்கள். 1377 ஜூலை 27 அன்று நகரப் பேரவை கூடியது. 47 உறுப்பினர்கள் வந்திருந்தனர். 34 பேர் ஆதரித்து ஒரு சட்டம் நிறைவேறியது. கொள்ளைநோய் உள்ள ஊர்களிலிருந்து வருபவர்கள் மிர்கான் தீவிலோ சாவ்தாத்திலோ ஒரு மாதம் தங்கித் தூய்மையான பிறகே ரகூசாவுக்குள் நுழையலாம். அவர்களுக்கு உணவு கொண்டு செல்ல நியமிக்கப்பட்டவர்களைத் தவிர யாரும் அங்கே போகக் கூடாது. மீறிப் போனால் போனவரும் அங்கேயே ஒரு மாதம். 'பச்சை நூல்' என்று பெயர்பெற்ற சட்டத் தொகுப்பில் இது இருக்கிறது.

உலகில் நாம் அறிந்தவரை இத்தகைய முதல் சட்டம் இதுதான். 30 நாள் பின்னர் 40 ஆயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் 'குவாரந்தா'விலிருந்து 'குவாரன்டைன்' பிறந்தது. நிரந்தரமான பிளேக் மருத்துவமனையை 1423-ல் ஒரு தீவில் தொடங்கிய பெருமை வெனிஸுக்கு உண்டு. நோய் அறிகுறி இல்லாதவரையும் காக்கவைத்துப் பார்க்கும் சட்டம் ரகூசாவுடையது. 2020-ல் சென்னைத் தெருக்களில் வீட்டு வாசல்களில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஒட்டினார்களே, அந்த அறிவிப்பின் மூதாதை இங்கே பிறந்தது.

அந்தச் சட்டத்தில் என்னை நிறுத்தியது வேறொரு சொல். விதி யாருக்கு என்று சொல்லும்போது 'நம்மவரானாலும் அயலாரானாலும்' என்ற பொருளில் சொல்கிறது. பேரவை உறுப்பினரின் மகனே நோய் பரவிய துறைமுகத்திலிருந்து வந்தாலும் தீவுக்குத்தான் போக வேண்டும். எங்கிருந்து வருகிறாய் என்பதே கேள்வி. நீ எந்த ஊர்க்காரன் என்பதல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். எதிர் வீட்டு அம்மாவிடம் கேட்டால் அது எவ்வளவு பெரியது என்று சொல்வார்.

ரகூசாவைப் புனிதமாக்கவும் வேண்டாம். பாறைத் தீவில் ஒரு மாதம் எப்படித் தங்குவது, கூரை உண்டா என்பது பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சில்லை. பணக்கார வணிகனுக்கு ஒரு மாதம் நஷ்டக் கணக்கு. கூலிக்குத் துடுப்பு போடுபவனுக்கு அது பட்டினிக் கணக்கு. சட்டம் ஒவ்வொரு முறையும் நோயைத் தடுத்ததும் இல்லை. 1526-27-ல் பிளேக் நகருக்குள் நுழைந்து பெருஞ்சேதம் விளைவித்தது. தவிர, 1377-ல் யாருக்கும் நோயின் காரணம் தெரியாது. பிளேக் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் 1894-ல் ஹாங்காங்கில் கண்டுபிடித்தார். எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக அது பரவுவதை பால் லூயி சிமோன் 1898-ல் காட்டியது நம் துணைக்கண்டத்தில், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியில். கப்பலில் வந்த மனிதனுக்கு 30 நாள் விதித்த பேரவை, கூடவே வந்த எலிக்கு எதுவும் விதிக்கவில்லை. அறியாமையில் பிறந்த விதிதான். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது: வராதே என்று சொல்லவில்லை. காத்திரு என்றது. எத்தனை நாள் என்றும் சொன்னது.

சாலை மலைச்சரிவில் வளைந்து இறங்கும்போது நகரம் தெரிகிறது. செந்நிற ஓடுகள், சுற்றிலும் ஏறக்குறைய 2 கி.மீ. நீளத்துக்குக் கல்மதில், அதன் காலடியில் நீலக் கடல். கிழக்கே ப்ளோசே வாசல். அதற்குச் சற்று வெளியே, கடலை ஒட்டி வரிசையாக நீண்ட கல்மண்டபங்கள் பத்து. இவைதான் லாசரெத்தி. 1590-ல் கட்டத் தொடங்கி 17-ஆம் நூற்றாண்டில் முடித்தார்கள். துருக்கியப் பேரரசின் வசமிருந்த போஸ்னியாவிலிருந்து தோல், கம்பளி, மெழுகு ஏற்றிய குதிரைக் கூட்டங்கள் இங்கே வந்து நின்றன. திரும்பும்போது உப்பு ஏற்றிப் போயின. வணிகர்களும் சரக்கும் இங்கே காத்திருக்க வேண்டும். கம்பளியைப் பிரித்துக் காற்றாட விடுவார்கள். தீவிலிருந்து மண்டபத்துக்கு வர அந்தக் குடியரசுக்கு 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆனால் இம்முறை கூரை இருந்தது.

நான் போன மாலையில் ஒரு மண்டபத்தில் நாட்டுப்புற நடனக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் கைவினைப் பொருட்கள் கடை. பக்கத்தில் உள்ள பான்யே கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் எண்ணெய் பூசிக்கொண்டு வெயில் காய்ந்தார்கள். ஒரு காலத்தில் வருபவரைத் தடுத்து நிறுத்திய இடம் இன்று வருபவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. குரோஷியாவின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுற்றுலா. ரகூசாவுக்குக் கப்பல் எப்படியோ, இன்றைய துப்ரோவ்னிக்குக்குப் பயணி அப்படி.

2020-ல் இந்த ஊருக்குப் பழைய சங்கடம் அப்படியே திரும்பி வந்ததில் வியப்பில்லை. குரோஷியாவில் முதல் கோவிட் தொற்று அந்த ஆண்டு பிப்ரவரி 25-ல் தெரியவந்தது. மார்ச் 19-ல் எல்லைகளை மூடினார்கள். கோடை நெருங்கியதும் மூடி வைக்க முடியவில்லை. ஜூலையில், தங்குமிடத்துக்குப் பணம் கட்டிய ரசீது காட்டினால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களும் வரலாம் என்றார்கள். அடுத்த சில நாட்களில் 48 மணி நேரத்துக்கு உட்பட்ட சோதனைச் சான்று அல்லது 14 நாள் தனிமை என்ற நிபந்தனை சேர்ந்தது. சாவ்தாத் படகுத்துறையில் ஒரு வயதான படகோட்டியிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். "மூடியபோது வயிற்றுக்குப் பயம், திறந்தபோது உயிருக்குப் பயம்" என்றார் அரைகுறை ஆங்கிலத்தில். 1377 பேரவையில் கை தூக்கியவர்களும், தூக்காதவர்களும் ஏறக்குறைய இதைத்தான் பேசியிருப்பார்கள்.

நம் ஊரிலிருந்து அப்போது புறப்படுவதே பெரும்பாடு. இந்தியாவின் வழக்கமான சர்வதேச விமான சேவை 2020 மார்ச் 23-ல் நின்றது; 2022 மார்ச் 27-ல்தான் முழுமையாகத் தொடங்கியது. இடையில் சில நாடுகளுடன் தற்காலிக ஏற்பாடு. 2021 ஜூலை 1-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் கோவிட் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் ஆஸ்ட்ராஜெனகாவும் உருவாக்கிய தடுப்பூசி அந்தப் பட்டியலில் இருந்தது. அதே தடுப்பூசி புனேயில் தயாராகி கோவிஷீல்டு என்ற பெயரில் வந்தபோது பட்டியலில் இல்லை. ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அந்தப் பெயரில் அனுமதி பெறப்படவில்லை என்பது காரணம். பிறகு ஜெர்மனி, ஆஸ்திரியா, கிரீஸ், ஸ்பெயின், சுவிட்சர்லாந்து என்று நாடுகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஏற்றன. கோவாக்ஸினை உலக சுகாதார நிறுவனம் அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது 2021 நவம்பர் 3-ல். அதற்குள் எதிர் வீட்டு அம்மாவின் பேரன் பிறந்துவிட்டான்.

நாமும் சளைத்தவர்கள் அல்ல. இந்தியச் சான்றிதழைப் பிரிட்டன் ஏற்கத் தயங்கியபோது, 2021 அக்டோபர் 4 முதல் அங்கிருந்து வரும் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு, ஊசி போட்டிருந்தாலும், 10 நாள் தனிமை என்று அறிவித்தோம். பிரிட்டன் 11-ஆம் தேதி முதல் இறங்கி வந்தது. நாமும் நம் உத்தரவை விலக்கிக்கொண்டோம். அந்த ஒரு வாரத்தில் கிருமியின் குணம் எதுவும் மாறவில்லை. மாறியது இரு அரசுகளின் கோபம் மட்டுமே. நோயைப் பார்த்து எழுதிய விதி பாஸ்போர்ட்டைப் பார்க்கத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும்.

எல்லா விதிகளும் வீண் என்று சொல்வதற்கில்லை. தடுப்பூசி இல்லாத 2020-ல் காக்கவைத்தல் உயிர்களைக் காத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த நம்மவரையும் நாம் அடைத்து வைத்தோம்; அதில் தவறில்லை. நோய் வருவது பயணத்தோடு. அதைப் பார்த்து விதி எழுதினால், எவ்வளவு கறாராக இருந்தாலும் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். முப்பது நாள் என்றால் எண்ணத் தொடங்கலாம். உன் ஊசி செல்லாது என்றால் எதை எண்ணுவது?

இன்று குரோஷியாவுக்குப் போக விரும்பும் இந்தியருக்கு கோவிட் தொடர்பான நிபந்தனை எதுவும் இல்லை. 2022 மே 1 முதல் அவை நீங்கிவிட்டன. 2023 ஜனவரி 1-ல் குரோஷியா ஷெங்கன் பகுதியில் சேர்ந்தது. அன்றே யூரோவும் வந்தது. ஆகவே ஷெங்கன் விசா வேண்டும். 180 நாட்களில் 90 நாள் வரை தங்கலாம். திரும்பும் தேதிக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், தங்குமிட விவரம், வங்கிக் கணக்கு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு ஆகியவை கேட்கப்படும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையையும் முகத்தையும் கணினியில் பதியும் முறை படிப்படியாகத் தொடங்கியது. நோய்ச் சான்று போய்விட்டது. வாசல் மட்டும் முன்னைவிடக் கூர்மையாகப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

கடைசி நாள் விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. சாவ்தாத் கரையில் காபி குடித்தபடி மிர்கான் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்றவருக்கும் இந்தக் கரை இப்படித்தான் தெரிந்திருக்கும். ஒரு பகல், இன்னொரு பகல் என்று எண்ணியிருப்பார். முப்பதாவது பகல் முடிந்தால் படகு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

தில்லி திரும்பியதும் எதிர் வீட்டு அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் 2022 கோடையில் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அப்போது அவன் தவழ்வதை விட்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தானாம். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னையும் அந்தத் தீவுல முப்பது நாள் உட்கார வச்சிருக்கலாம் தம்பி. முப்பத்தொண்ணாம் நாள் புள்ளையக் கையில வாங்கியிருப்பேன்."