ஆடு புலி எப்ப வரும், டீச்சர்?

  போன பதிவில் முட்டிவலி பற்றி எழுதியதற்கு ஆளுக்கு ஒரு தைலம் சொல்லியிருந்தீர்கள். அத்தனையும் வாங்கித் தேய்த்தால் வீடு முழுக்க வழுக்கி இன்னொரு முட்டியும் போய்விடும். நன்றி, இப்போது பரவாயில்லை.

இன்று கம்ப்யூட்டர் விளையாட்டு பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

2024 பொங்கலுக்கு இரண்டு மகள்களும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். போகிக்கு முந்தின நாள் இளையவள் மகன் (அப்போது பிளஸ் ஒன்) மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன், தொடவில்லை.

"என்னய்யா ஆச்சு?"

"ஹேவன் போயிருச்சு ஆச்சி."

யாரோ சொர்க்கம் போய்விட்டார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள் போல என்று எனக்குத் திக்கென்றது. "யாருய்யா? எப்போ?" என்று பதறிவிட்டேன். மூத்தவள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கோவையில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கிறாள். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது.

வேலரண்ட் என்று ஒரு விளையாட்டு. 2020 ஜூனில் வந்தது. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். ஒரு கட்சி குண்டு வைக்கப் பார்க்கும், மற்றது தடுக்கும். பொதுவாக முதலில் 13 சுற்று ஜெயித்தவருக்கு ஆட்டம். சண்டை நடக்கிற ஊருக்கு 'மேப்' என்று பெயர். சந்து, மேடு, மறைவிடம் எல்லாம் அதில் உண்டு. ஹேவன் அப்படி ஒரு மேப். பூட்டான் மலைநாட்டு மடாலயம் மாதிரி வரைந்திருக்கிறார்கள். மற்ற மேப்களில் பெரும்பாலும் குண்டு வைக்க இரண்டு இடம், இதில் மூன்று. ஐந்து பேர் மூன்று இடத்தைக் காக்க வேண்டும் என்றால் யாரை எங்கே நிறுத்துவது? கணக்கு வாத்தியார் என்பதால் எனக்கே அது பிடித்துப் போயிற்று.

தரவரிசைக்காக ஆடும் போட்டியில் எல்லா மேப்களும் ஒரே நேரத்தில் இருக்காது. ஏழுதான் இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒன்றிரண்டை எடுத்துவிட்டு வேறு போடுவார்கள். அந்த ஜனவரியில் ஐஸ்பாக்ஸ் உள்ளே வந்தது, ஹேவன் வெளியே போனது. பேரன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த காரணம் அதுதான்.

நானாக இருந்தால், "இதுக்கா இந்த மூஞ்சி?" என்று அதட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவன் சொன்ன ஒன்று என்னை உட்கார வைத்தது. அவனுடைய பழைய பள்ளித் தோழன் ஒருவன் ஓசூருக்குப் போய்விட்டான். இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்டது அந்த மேப்பைத்தான். தினமும் ராத்திரி அங்கேதான் சந்திப்பார்கள். "அவன் எந்த மூலையில நிப்பான்னு பார்க்காமலே எனக்குத் தெரியும் ஆச்சி" என்றான்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கும் தம்பிக்கும் பெரிய வாக்குவாதம். நான் கரும்பு நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

பேத்தி சொன்னது இது. ஓர் ஆட்டத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே திறமையில் இருக்க வேண்டும், பக்கத்து சர்வரில் இருக்க வேண்டும், அதே நிமிஷத்தில் ஆடத் தயாராக இருக்க வேண்டும். பத்து மேப்பையும் திறந்து வைத்து அவரவர் இஷ்டப்பட்டதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கூட்டம் பத்தாகப் பிரியும். எல்லோரும் காத்துக் கிடப்பார்கள், இல்லாவிட்டால் கத்துக்குட்டியை எடுத்துக் கெட்டிக்காரனோடு மோதவிட வேண்டியிருக்கும். பாத்திரங்களே இருபதுக்கும் மேல், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வித்தை. அத்தனை மேப்பிலும் அத்தனை வித்தையையும் புதிதாக வருகிறவன் எப்படிப் படிப்பான்? ஏழு என்றால் ஆழமாகப் படிக்கலாம். மாற்றாமலே விட்டால் ஜெயிக்கிற வழியை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள், அப்புறம் அது ஆட்டமாக இருக்காது, ஒப்பித்தலாகிவிடும்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் நான் அவள் கட்சி. ஒரே வினாத்தாள் வருஷா வருஷம் வந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

பேரன் விடவில்லை. "சரி, மாத்தட்டும். எப்ப திரும்பி வரும்னு சொன்னாங்களா?" அக்காவிடம் அதற்குப் பதில் இல்லை. அடுத்து 'குறைந்த நாள் மோடு' என்ற கதைக்குப் போனான். 2020 டிசம்பரில் துப்பாக்கிக்குப் பதிலாகப் பனிப்பந்து எறியும் ஆட்டம் ஒன்று கொஞ்ச நாளைக்கு வந்ததாம். 2021 மேயில் ஒரு கட்சியில் ஐந்து பேரும் ஒரே பாத்திரமாக ஆடுவது ஒன்று வந்ததாம். நன்றாக ஆடுகிறவர்களுக்கு அது கேலிக்கூத்து. சுமாராக ஆடுகிறவர்களுக்கோ அங்கேதான் மூச்சு விட முடிந்தது. பழகி முடிப்பதற்குள் எடுத்துவிடுவார்கள். "இன்னும் ஆறு நாள், இன்னும் அஞ்சு நாள்னு போட்டா, பரீட்சை இருந்தாலும் ஆடத்தான் தோணும் ஆச்சி. அதுக்குத்தான் செய்றாங்க."

இதில் நான் அவன் கட்சிக்கு மாறினேன். ஆடித் தள்ளுபடிக்குத் தேவையில்லாத சேலை எடுத்தவர்கள் நம் குடும்பத்தில் எத்தனை பேர்! நாளைக்கு இருக்காது என்று சொன்னால் இன்றைக்குக் கை நீளும். வியாபாரிக்குத் தெரிந்த வித்தை அது. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையிடம் அதைக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபோர்ட்நைட் என்று இன்னொரு விளையாட்டு. 2019 அக்டோபர் 13-ஆம் தேதி அதன் பழைய தீவு முழுவதையும் ஒரு கருந்துளை விழுங்குகிற மாதிரி காட்டினார்களாம். ஏறக்குறைய இரண்டு நாள் திரையில் அந்தத் துளை மட்டும்தான். பிறகு புது மேப். நான்கு வருஷம் கழித்து, 2023 நவம்பரில், பழைய தீவை ஒரு மாதத்துக்கு மட்டும் திரும்பக் கொண்டுவந்தபோது ஒரே நாளில் 4 கோடியே 47 லட்சம் பேர் உள்ளே வந்தார்கள் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. பேரன் இதைத் தன் கட்சிக்குச் சாட்சியாகச் சொன்னான். "எடுத்ததனாலதான்டா அத்தனை பேர் வந்தாங்க" என்று அக்கா அதே கணக்கைத் தன் கட்சிக்கு இழுத்துக்கொண்டாள். ஒரே எண், இரண்டு தீர்ப்பு. (2024 டிசம்பரில் அந்தப் பழைய காலத்து ஆட்டத்துக்கென்றே நிரந்தரமாகத் தனிப் பிரிவு திறந்துவிட்டார்களாம். அதைப் பேத்தி பிற்பாடு போனில் சொன்னாள், சற்றுச் சுருதி குறைந்த குரலில்.)

நம் ஊரிலும் சீசன் இருந்ததே என்றேன். கோலி ஒரு சீசன், பம்பரம் ஒரு சீசன், ஆடிக் காற்று வந்தால் பட்டம். யார் அறிவித்தார்கள்? ஒருநாள் தெருவில் எல்லோர் கையிலும் பம்பரம் இருக்கும், இன்னொரு நாள் இருக்காது. பட்டக் காலத்தில் நீ தனியாகப் பம்பரம் விட்டால் யாரும் பிடுங்க மாட்டார்கள், ஆனால் கூட ஆட ஆளிருக்காது.

"இதுவும் அப்படித்தான் ஆச்சி" என்றான் பேரன். தனி அறை மாதிரி ஒன்றைத் திறந்து, ஹேவனுக்குள் என்னைக் கூட்டிப் போனான். மேப் அங்கேயேதான் இருந்தது. எதிரி இல்லை, தோழனும் இல்லை, எங்கள் காலடிச் சத்தம் மட்டும். இங்கே அவன் நிற்பான், இங்கே நான் நிற்பேன் என்று காட்டிக்கொண்டே வந்தான். மே மாத விடுமுறையில் ஏதோ பதிவேடு எடுக்கப் பள்ளிக்குப் போனால் வகுப்பறை எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கரும்பு தின்ற வயிற்றுக் கோளாறு என்று மகளிடம் சொன்னேன்.

1990களின் தொடக்கத்தில் என்னிடம் படித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை நினைவிருக்கும். நம் நடுநிலைப் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியர் கிடையாது. நானாக ஒரு முறை வைத்தேன், மாதத்துக்கு ஓர் ஆட்டம். ஜூனில் கபடி, ஜூலையில் கோ-கோ, ஆகஸ்டில் ஆடு புலி ஆட்டம், அப்புறம் எறிபந்து. எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும், ஒரே ஆட்டத்தில் ஒரே கூட்டம் ஜெயித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். பயிற்சிப் பள்ளியில் படித்த நல்ல எண்ணம்தான், இன்றும் தப்பு என்று சொல்ல மாட்டேன். பேத்தி பேசியதும் இதைத்தானே.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் வருவான், மற்ற நாள் தாத்தாவோடு ஆடு மேய்க்கப் போவான். வாய்பாடு வராது, கபடியில் முதல் மூச்சிலேயே அவுட். ஆகஸ்டில் தாழ்வாரத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். மூன்று புலிக்குக் கூழாங்கல், பதினைந்து ஆட்டுக்குப் புளியங்கொட்டை. எல்லோரும் புலிதான் கேட்பார்கள், வெட்டலாம் என்ற ஆசை. இவன் ஆடுதான் கேட்டான். ஒவ்வொரு கொட்டையாக வைப்பான், அவசரமே இல்லை. புலி தாண்டுவதற்குப் பின்னால் காலியிடம் இருந்தால்தானே வெட்ட முடியும்? அந்த இடத்தை விடவே மாட்டான். எட்டாம் வகுப்பு முதல் ரேங்க் பையனின் மூன்று புலியையும் நகர முடியாமல் கட்டிப்போட்டான். நான் இரண்டு முறை ஆடி இரண்டு முறையும் தோற்றேன். அந்த மாதம் வருகைப் பதிவேட்டில் அவனுக்கு வராத நாள் ஒன்றுகூட இல்லை. மாதக் கடைசியில் கூட்டிப் போட்டபோது நானே பார்த்தேன்.

செப்டம்பரில் எறிபந்து. "ஆடு புலி எப்ப வரும், டீச்சர்?" என்று கேட்டான். "வரும், வரும்" என்றேன். ஜனவரியில் மறுபடி வைக்கலாம் என்று மனதில் இருந்தது. அரையாண்டுத் தேர்வு வந்தது, மழை வந்தது. ஜனவரியில் வட்டாரப் போட்டிக்குக் கபடி அணி தயார் செய்ய வேண்டும் என்றார்கள், பிள்ளைகளில் நிறையப் பேருக்கும் கபடிதான் ஆசை. ஆடு புலி வரவில்லை. மார்ச்சில் அவனும் வரவில்லை.

அதனால்தான் நின்றான் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் கஷ்டம், தாத்தாவுக்கும் முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் வீட்டுக்கு ஒருமுறை போனேன், கதவு சாத்தியிருந்தது. இரண்டாவது முறை போகவில்லை. நான் கணக்குப் பார்த்தது ஆட்டங்களுக்குத்தான். ஒவ்வோர் ஆட்டத்திலும் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. தாழ்வாரத்தின் ஒரு மூலையில் அந்தக் கட்டத்தை அழிக்காமல் விட்டிருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? ஜனவரி பொங்கல் முடிந்து முதல் வெள்ளிக்கிழமை என்று தேதியாவது சொல்லியிருக்கலாம். தேதி சொல்லியிருந்தால் அதைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் எனக்கு வந்திருக்கும். "வரும், வரும்" என்றதில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை பேத்தியிடம் கேட்டேன், "மாத்துறது சரிதான் அம்மா, எப்ப திரும்பும்னு சொல்றதுல அவங்களுக்கு என்ன கஷ்டம்?" "சொல்லிட்டா அதுக்குள்ள ஏதாவது சரி பண்ண முடியலைன்னா திட்டு விழும் ஆச்சி" என்றாள். நியாயம்தான். திட்டு விழட்டுமே என்றேன்.

அந்த வருஷம் ஜூனில் ஹேவன் திரும்பி வந்துவிட்டது, அபிஸ் என்ற புது மேப்போடு சேர்ந்து. பேரன் போன் செய்து சொன்னான். எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. "ரெண்டு பேரும் ஆடினீங்களாய்யா?" என்றேன். ஓசூர்ப் பையனுக்கு பிளஸ் டூ, ஆடுவதை நிறுத்திவிட்டானாம். "மேப் வந்துருச்சு ஆச்சி, அவன் வரல" என்றான். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

போன வாரம் நம் 1992 செட் குழுவில் யாரோ பழைய வகுப்புப் புகைப்படம் போட்டிருந்தீர்கள். கடைசி வரிசையில் இடது ஓரம், பாதி முகம் மட்டும் தெரிகிறான். அவன் இன்று எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் இங்கே பெயர் போடாமல் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

தம்பி, நீயே இதைப் படித்தால்: மாடித் தாழ்வாரத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். சாக்பீஸ் அழிகிறது என்று பேரன் வெள்ளைப் பெயிண்டால் வரைந்து கொடுத்துவிட்டுப் போனான். புளியங்கொட்டை பதினைந்து எண்ணி டப்பாவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், எல்லா ஞாயிறும். புலி எனக்கு.