செப்பு வில்லைகள்

அரசின் ஆணையால் அடிக்கப்படுவது காசு. அரசு போதிய காசு அடியாதபோது வணிகர் தாமே அடித்து வழங்கியது வணிக வில்லை. பிரிட்டனில் டோக்கன் எனப் பெயர் பெற்ற இவ்வில்லைகள், அந்நாட்டு எளிய மக்களின் வாழ்வை உரைக்கும் சிறு சான்றுகளாகும்.

பொன்னும் வெள்ளியும் செல்வர்க்கு உதவும். ரொட்டியும் மெழுகுவத்தியும் வாங்கும் ஏழைக்கு வேண்டுவது செப்புச் சில்லறையே. 1649ஆம் ஆண்டில் முதலாம் சார்லஸ் மன்னன் கொலைத் தண்டனைக்கு உள்ளானான். அதன்பின் இங்கிலாந்தில் கடைக்காரரும் விடுதிக்காரரும் தத்தம் பெயரும் ஊரும் பொறித்த கால் பென்னி, அரைப் பென்னி வில்லைகளை வெளியிட்டனர். 1672இல் இரண்டாம் சார்லஸ் அரசின் செப்புக் காசுகளை வழங்கி, அவ்வில்லைகளைத் தடுத்தான்.

நூறாண்டு கழிந்தபின் அக்குறை மீண்டும் தோன்றிற்று. 1775க்குப் பின்னர் அரசு நாணயச் சாலை செப்புக் காசு அடிப்பதை நிறுத்தியது. கள்ளக் காசுகள் மலிந்தன. தொழிலாளர்க்குக் கூலி கொடுக்கவும் நற்காசு கிடைத்திலது. அந்நிலையில் 1787ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சீத் தீவிலுள்ள பாரிஸ் குன்றின் செப்புச் சுரங்க நிறுவனத்தார் பென்னி வில்லைகளை வெளியிட்டனர். அவற்றின் ஒரு பக்கத்தில் துரூயிது என்னும் பண்டைக் குருவின் முக்காடிட்ட தலை விளங்கும். மறுபக்கத்தில், கொணர்வோர்க்கு ஒரு பென்னி தருவோம் என்னும் உறுதிமொழி காணப்படும். அவ்வுறுதிமொழியே அவ்வில்லையின் உயிர். வணிகன் சொல் தவறின் வில்லை வெறுஞ் செம்பாகும். இழப்பு ஏழையைச் சேரும்.

1797இல் மேத்யூ போல்ட்டன் என்பார் நீராவிப் பொறியால் அரசுக்கெனக் கனத்த செப்புக் காசுகளை அடித்தளித்தார். பின்னர் 1811, 1812ஆம் ஆண்டுகளிலும் வில்லைகள் பல தோன்றின. 1817ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்துக்கு முடிவு கட்டியது.

வில்லைகள் புழங்கிய காலத்திலேயே அவற்றைத் திரட்டும் ஆர்வமும் எழுந்தது. இப்சுவிச்சு நகரத்து ஜேம்ஸ் காண்டர் 1798இல் அவற்றுக்கு ஓர் அட்டவணை நூல் வெளியிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டு வில்லைகள் இன்றும் அவர் பெயராலேயே சுட்டப்பெறுகின்றன. திரட்டுவோர் விரும்புவதைக் கண்ட சிலர், அவர்க்கென்றே அழகிய வில்லைகளை அடித்து விற்றனர். அவை கடைத்தெருவைக் கண்டவை அல்ல.

வில்லையைத் திரட்டுவோன் முதலிற் கற்க வேண்டுவது அதன் நிலையை அறியும் முறை. வில்லையின் முகத்தைத் தொடாது, விளிம்பைப் பற்றி, சாய்ந்த ஒளியில் நோக்குதல் வேண்டும். எழுந்து நிற்கும் பகுதியே முதலில் தேயும். துரூயிதின் முக்காடும் புருவமும் தாடியும் அத்தகையன. ஆயினும் மழுங்கியவை யாவும் தேய்ந்தவை அல்ல. அச்சு நன்கு பதியாமையாலும் ஓரிடம் மழுங்கும். அங்கே செம்பின் இயல்பான மேற்பரப்பு மாறாதிருக்கும். கைபட்டுத் தேய்ந்த இடமோ வழவழப்புற்று நிறம் வேறுபடும். தேர்ந்தோர் வழங்கும் தரப்பெயர்களுள் 'பைன்' என்பது ஒன்று. நன்று எனப் பொருள்படினும், அது பெரிதும் புழங்கித் தேய்ந்த வில்லையையே குறிக்கும். சிறிதும் புழங்காததே உயர்ந்த நிலை.

செப்புக் குடத்தைப் புளியிட்டு விளக்குவது போல வில்லையையும் விளக்குதல் பெருங்கேடு. இரு நூற்றாண்டுகளாகப் படிந்த கபில நிறம் ஒரு நொடியில் அழியும், அது மீளாது. களிம்பு அரிக்கும் நோயாதலின் அதனைத் தடுத்தல் தகும். ஆனால், முதுமை நிறம் நோயன்று.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. தன் வில்லையை ஒரு படி உயர்த்தியும், பிறனுடையதை ஒரு படி தாழ்த்தியும் மதிப்பிட மனம் விழையும். விற்கும்போது ஒரு தரமும் வாங்கும்போது வேறொரு தரமும் கூறுவோன் வில்லையை அறிந்தவன் ஆகான். கைக்கு வந்த பொருளை, அது பிறனுடையதாயின் எவ்வாறு மதிப்பானோ அவ்வாறே மதிப்பவனே நேர்மையுடையோன்.

புழங்காத வில்லை விலை மிகுவது இயல்பே. ஆயினும் தேய்ந்த வில்லையை இகழ்தல் தகாது. அது சுரங்கத் தொழிலாளியின் கையிலிருந்து ரொட்டிக் கடைக்காரன் கைக்குச் சென்றது. அவன் கையினின்றும் மாவு விற்பவனிடம் சேர்ந்தது. உறுதிமொழியை நம்பிப் பலர் ஏற்றமையாலன்றோ அதன் எழுத்துகள் தேய்ந்தன? விலை குறைவு என்று உண்மையாகக் கூறுக. பயன் குறைவு என்று கூறற்க.