கால் எப்படி இருக்கு?

பதில் தெரிந்தே கேட்கப்படும் கேள்விகள் மூன்று உண்டு. கல்யாண வீட்டில் கை கழுவிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" இன்டர்வியூவில், "எங்க கம்பெனியில ஏன் சேரணும்னு நினைக்கிறீங்க?" மூன்றாவது, ஃபைனலுக்கு முந்தின நாள் அடிபட்ட ஆட்டக்காரனைப் பார்த்து கோச் கேட்பது: "கால் எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு சார்!"

இதைத் தவிர வேறு பதில் சொன்ன ஆட்டக்காரனை நான் பார்த்ததில்லை. நம்பிக்கை இல்லையென்றால் அங்கேயே இரண்டு முறை குதித்துக் காட்டுவான். முதல் குதியில் வலிக்காது. இரண்டாவதில்தான் உயிர் போகும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வருகிறேன்.

நான் டாட்டன்ஹாம் ரசிகன். ஏன் என்று கேட்காதீர்கள். பி.காம். ஏன் படித்தாய் என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் கிடையாது. இரண்டிலும் மாட்டிக்கொண்டு பல வருஷமாகிறது.

2019 சாம்பியன்ஸ் லீக். ஏப்ரல் 9-ம் தேதி மான்செஸ்டர் சிட்டியோடு ஆடும்போது எங்கள் ஹாரி கேனுக்குக் கணுக்காலில் அடி. கோல் போடுகிற ஆசாமியே போய்விட்டாரே, கதை முடிந்தது என்று நினைத்தேன். மே 8-ம் தேதி ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸோடு செமி ஃபைனல். ஏற்கெனவே முதல் ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கி, இதிலும் இடைவேளைக்குள் இரண்டு வாங்கியாகிவிட்டது. டி.வி.யை அணைக்க எழுந்தேன். அதன்பிறகு லூகாஸ் மூரா என்கிற பிரேசில்காரர் தனியாளாக மூன்று கோல் அடித்தார். மூன்றாவது, 96-வது நிமிஷத்தில்! நான் போட்ட கத்தலில் மனைவி அரைத் தூக்கத்தில், "திருடனா?" என்று கேட்டாள். "இல்லை, ஃபைனல்!" என்றேன்.

ஜூன் 1. மாட்ரிட்டில் லிவர்பூலோடு ஃபைனல். நம் ஊரில் நடுராத்திரி பன்னிரண்டரை. டீம் லிஸ்ட் வந்தது. ஹாரி கேன் ஆடுகிறார். 53 நாளாக ஒரு மேட்ச் கூட ஆடாதவர். லூகாஸ் பெஞ்சில்.

முதல் நிமிஷத்திலேயே ஹேண்ட்பால், பெனால்டி; இரண்டாவது நிமிஷத்தில் சலா கோல். அதற்கு கோச் பொச்செட்டினோவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மிச்சமிருந்த நேரம் முழுக்க கேன் ஆடினார், பந்துதான் அவரிடம் அதிகம் வரவில்லை. லூகாஸை இறக்கியது 66-வது நிமிஷத்தில். 2-0 என்று தோற்றோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எதிர்ப்பக்கம் க்ளாப்பும் இதே வேலையைத்தான் செய்திருந்தார். பார்சிலோனாவை 4-0 என்று துவைத்தபோது இரண்டு கோல் போட்டவர் டிவோக் ஒரிகி. ஃபைனலில் அவரும் பெஞ்ச்! காயத்திலிருந்து திரும்பிய ஃபிர்மினோவுக்கு இடம். ஆனால் 58-வது நிமிஷம் ஃபிர்மினோவை வெளியே அழைத்து ஒரிகியை இறக்கினார். 87-வது நிமிஷத்தில் அந்த இரண்டாவது கோலைப் போட்டு எங்கள் கதையை முடித்தவர் அதே ஒரிகி.

தப்புக் கணக்கு யார் வேண்டுமானாலும் போடலாம். அடித்துத் திருத்தத் தெரிந்தவன்தான் அக்கவுண்டன்ட்.

இன்னொரு கேஸ், 2014. அட்லெட்டிகோ மாட்ரிட்டின் டியகோ கோஸ்டாவுக்கு ஃபைனலுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் தொடையில் தசை பிடித்துவிட்டது. மனிதர் பெல்கிரேடுக்குப் பறந்தார். அங்கே குதிரையின் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த சரக்கை வைத்து வைத்தியம்! ("உங்களை வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்ச்சுக்கச் சொன்னா என்ன பாடுபடுத்தறீங்க" - என் மனைவி.)

கோச் சிமியோனே கேட்டிருப்பார், "கால் எப்படி இருக்கு?" பதில்தான் தெரியுமே. லிஸ்பனில் ஒன்பதே நிமிஷம் ஆடிவிட்டு கோஸ்டா வெளியே வந்துவிட்டார். அப்போதெல்லாம் மூன்று பேரைத்தான் மாற்றலாம். அதில் ஒன்று ஒன்பதாவது நிமிஷத்திலேயே காலி. 93-வது நிமிஷத்தில் ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். எக்ஸ்ட்ரா டைமில் ஹ்வான்ஃப்ரான் நொண்டிக்கொண்டிருக்கிறார், மாற்ற ஆள் இல்லை. ரியல் மாட்ரிட் மேலும் மூன்று போட்டு 4-1. அந்தத் தப்பு என்னுடையது என்று பிற்பாடு சிமியோனே ஒப்புக்கொண்டார். பெரிய மனுஷன்.

காமர்ஸ் படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். ஆட்டக்காரனின் பெயர் என்பது குட்வில். பாலன்ஸ் ஷீட்டில் கோடிக்கணக்கில் காட்டலாம், பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் முதல் தேதி சம்பளம் கொடுக்க ரொக்கம் வேண்டும். ஃபார்ம்தான் ரொக்கம். ஃபைனல் என்பது முதல் தேதி.

இதை 1966-லேயே புரிந்துகொண்டவர் இங்கிலாந்தின் கோச் ஆல்ஃப் ராம்ஸே. அவருடைய நட்சத்திரம் ஜிம்மி கிரீவ்ஸ். நாட்டுக்காக ஆடிய 57 மேட்சில் 44 கோல் போட்டவர். உலகக் கோப்பையில் பிரான்ஸோடு ஆடும்போது காலில் வெட்டுக் காயம், தையல். பதிலுக்கு வந்தவர் ஜெஃப் ஹர்ஸ்ட். கால் இறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் ஹர்ஸ்ட் போட்டது. ஃபைனலுக்குள் கிரீவ்ஸின் கால் சரியாகிவிட்டது. யாரை எடுப்பது? ஆட்டத்தின் நடுவில் மாற்றிக்கொள்கிற வசதியும் அப்போது கிடையாது. ராம்ஸே ஹர்ஸ்ட்டையே வைத்துக்கொண்டார். ஜெர்மனிக்கு எதிராக ஹர்ஸ்ட் மூன்று கோல். 4-2. கோப்பை இங்கிலாந்துக்கு.

ஆகவே ஃபார்மே ஜெயம் என்று எழுதி முடித்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் அன்று வெளியே உட்கார்ந்திருந்த கிரீவ்ஸ்? அந்தக் காலத்தில் ஃபைனலில் ஆடிய பதினொரு பேருக்குத்தான் மெடல். கிரீவ்ஸுக்குக் கிடைத்தது 2009-ல். 43 வருஷம்! ஃபைனலில் வெளியே உட்காருவது சாதாரண விஷயமில்லை சார்.

எனக்கு அது தெரிந்தது 2015-ல்.

அப்போது ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருந்தேன். டிபார்ட்மென்டுகளுக்குள் ஃபுட்பால் போட்டி, பக்கத்துக்கு ஏழு பேர். இடுப்பு வலி இல்லாத ஏழு பேர் அக்கவுண்ட்ஸில் தேறாததால் டெஸ்பாட்சையும் எங்களோடு சேர்த்துவிட்டார்கள். நான்தான் ஸ்டார் ஃபார்வர்டு. சிரிக்காதீர்கள், நிஜமாகவே நான்தான். கால் இறுதியில் கணுக்கால் பிசகிவிட்டது.

செமி ஃபைனலில் என் இடத்தில் டெஸ்பாட்ச் பையன் ஒருவன் இறங்கினான். பேர் வேண்டாம், நாங்கள் 'ஒல்லி' என்போம். டெம்பரவரி. பார்சலுக்குக் கயிறு கட்டுகிறவன். சேல்ஸ் டிபார்ட்மென்டுக்கு எதிராக இரண்டு கோல் போட்டான். சேல்ஸ்காரர்கள் ஒரு வாரம் கேன்டீன் பக்கமே வரவில்லை.

ஃபைனலுக்கு முந்தின நாள் சாயங்காலம். எங்கள் மேனேஜர்தான் கோச். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"கால் எப்படிப்பா இருக்கு?"

ஒல்லி பக்கத்தில்தான் தண்ணீர் கேனோடு நின்றுகொண்டிருந்தான்.

"சூப்பரா இருக்கு சார்" என்றேன். இரண்டு முறை குதித்தும் காட்டினேன். ஒல்லியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக, அவிழாத ஷூ லேஸைக் குனிந்து கட்டினேன்.

மறுநாள் இருபது நிமிஷத்துக்கு மேல் அந்தக் காலை ஊன்றவே முடியவில்லை. கையைத் தூக்கியிருந்தால் மாற்றியிருப்பார்கள். தூக்கவில்லை. கோலுக்கு எதிரே, கீப்பர் விழுந்து கிடக்க, பந்து என் காலடிக்கே வந்தது. இடது காலை ஊன்றித்தானே வலது காலால் அடிக்க வேண்டும்? பந்து கார் பார்க்கிங்குக்குப் போயிற்று. 1-0 என்று தோற்றோம்.

அதுகூடப் பரவாயில்லை. ஒல்லி தன் அப்பாவை வரச் சொல்லியிருந்தான். கிராமத்திலிருந்து பஸ் பிடித்து, மஞ்சள் பையோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரமும் மகன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஏதோ பொறுப்பான உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டார் போல. மற்றவர்கள் எல்லாம் நாய்படாத பாடு ஓடுகிறார்கள், இவன் மட்டும் நாற்காலியில் இருக்கிறானே!

முடிந்ததும் நொண்டிக்கொண்டே வந்த என்னிடம் கேட்டார். "நல்லா ஆடினீங்க தம்பி. எம் பையனுக்கு எப்ப ஆட்டம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒல்லி குறுக்கே வந்தான். "நான் ரிசர்வுப்பா. அவசரத்துக்கு மட்டும்தான். சாருக்குக் கால் சரியாயிடுச்சுல்ல?"

அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னான்.

அதனால்தான் நான்கு வருஷம் கழித்து அந்த நடுராத்திரியில் லூகாஸ் பெஞ்சில் என்று பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஃபைனல் என்றால் எவனும் ஆடத்தான் ஆசைப்படுவான். அவன் வாயாலேயே "வேண்டாம்" என்று வரவழைக்கப் பார்ப்பது கோச்சின் தப்பு. அவனைக் கேட்காதீர்கள். டாக்டரைக் கேளுங்கள். கடைசி மேட்ச் ஸ்கோரைப் பாருங்கள். முக்கியமாக, தண்ணீர் கேனோடு பக்கத்தில் நிற்கிறவன் முகத்தை ஒரு தடவை பாருங்கள். ஆபீஸ் மேனேஜர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒல்லி இப்போது வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்வான். அந்த மேட்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும்தான். இந்தப் பத்திரிகையை வாராவாரம் விடாமல் படிக்கிறவன் அவன்.

டேய் ஒல்லி, அன்னிக்கு என் கால் சரியாகலைடா.